தலைக்கவசக் கமராவும் தண்ணீர் விளையாட்டும்

அலைமேல் செல்பவர் காண்பதைக் கரையில் நிற்பவர் காண முடியாது. கரையிலிருந்து படம் பிடித்தால் தூரத்தில் ஒரு புள்ளியும் சுற்றிலும் நீருமே தெரியும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே தலைக்கவசக் கமரா. உள்ளங்கைக்குள் அடங்கும் இக்கருவி, அணிந்தவர் தலை திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பி, அவர் காண்பதையே பதிவு செய்கிறது.

அமெரிக்கரான நிக் வூட்மன் 2002இல் அவுஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கச் சென்றபோது, தன் விளையாட்டைத் தானே படம் பிடிக்க விரும்பினார். கமராவை மணிக்கட்டில் கட்டும் பட்டியே அவரது முதல் எண்ணம். 2004இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ‘கோப்ரோ’ பிலிம் சுருளில் இயங்கியது. இன்று அதே பாணியில் மலிவான கமராக்களைப் பல நிறுவனங்கள் செய்கின்றன.

நம் நாட்டில் களனி கங்கையின் கித்துல்கலவில் வேகநீர்ப் படகோட்டுவோர் தலைக்கவசம் அணிவர். கமராவை அதிலேயே பொருத்தலாம். அறுகம்பையில் அலைச்சறுக்குவோர் பலர் அதைப் பலகையின் முனையில் ஒட்டிக்கொள்வர். எங்கள் வட்டுக்கோட்டையிலிருந்து பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர்க் கசூரினா கடற்கரை. ஆழமும் அலையும் குறைந்த அக்கடல் பழகுவதற்கு ஏற்றது. சாச்சா வாங்கித் தந்த மலிவுக் கமராவுடன் என் தம்பி அங்கே சிறு துடுப்புப் படகில் செல்வான். படங்களைத் தொகுப்பது என் வேலை. அந்த அனுபவத்தில் சில குறிப்புகள்:

முதலாவது, நீர்ப்புகா உறை. மலிவுக் கமராக்கள் பல நீரைத் தாங்கா. அவற்றைக் காப்பது வெளியேயுள்ள பிளாஸ்ரிக் உறையும் அதன் ரப்பர் வளையமுமே. வளையத்தில் ஒரு மயிரோ மணலோ இருந்தாலும் நீர் புகும். ஆகவே முதலில் கமரா இல்லாமல், உறைக்குள் ரிஷூத் தாளை வைத்து வாளி நீரில் அமிழ்த்திப் பாருங்கள். தாள் நனையாவிட்டால் நம்பலாம்.

இரண்டாவது, பனிமூட்டம். கமரா சூடாகும்போது உறைக்குள்ளிருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து படம் மங்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பையொன்றை உள்ளே வைத்தால் இது குறையும்.

மூன்றாவது, பொருத்தும் முறை. தலைக்கவசத்தில் துளையிடாதீர்கள், அதன் உறுதி கெடும். ஒட்டும் தாங்கியே போதும். கமரா கழன்றால் மூழ்காதிருக்க ஒரு மிதவையும், தலைக்கவசத்தோடு பிணைக்கக் குறுகிய கயிறும் வேண்டும். நீண்ட கயிறு கழுத்தில் சிக்கலாம். படகின் முனை சற்றுத் தெரியுமாறு கமராவைச் சாய்த்து, பத்து விநாடி பதிந்து பார்த்த பின்னரே புறப்படுங்கள். நீருக்குள் வைஃபை சமிக்ஞை செல்லாது. கைபேசியால் இயக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

நான்காவது, பராமரிப்பு. வீடு வந்ததும் உறையைத் திறக்குமுன் நன்னீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். உப்புக் காய்ந்தால் வளையமும் பொத்தான்களும் பழுதாகும்.

இக்கருவியில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. அது அணிந்தவரைக் காட்டுவதில்லை. அவர் கண்டதையே காட்டுகிறது. 2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. எனினும் கடலோரத்தில் பிறந்தும் கடலில் இறங்காத பெண்கள் நம்மில் ஏராளம். என் உம்மாவும் அவர்களில் ஒருவர். கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படியிருக்கும் என்பதை அவர் முதன்முதலாகக் கண்டது தம்பியின் படத்தில்தான். “தென்னை இவ்வளவு சின்னதா?” என்று இரண்டு முறை போடச் சொன்னார்.

ஆனால் அந்த அகன்ற வில்லை இருபுறமும் குளிப்போரையும் சேர்த்தே பதிகிறது. தாம் படமாவதை அவர்கள் அறியார். பிறர் மறைவைக் காப்பது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. எனவே ஆட்கள் குறைந்த இடத்தில் பதியுங்கள்; அருகிலிருப்போரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; பிறர் விழுந்த பகுதிகளை வெட்டிய பின்னரே பகிருங்கள். எங்கள் வீட்டில் நான் வெட்டாத படம் எதுவும் வெளியே போவதில்லை. பெற்றோர்களே, பிள்ளைக்குக் கமரா வாங்கிக் கொடுக்கும்போது இந்த வழக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். நீச்சலும் மிதவை அங்கியும் அதற்கு முன்பே வேண்டும்.