அத்தையின் மருந்து மேஜை

தோட்டா செய்யத் தெரிந்த அத்தை எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு வாய்த்திருக்கிறாள்! வயது 68, பிறந்தது மாயவரம், குடித்தனம் ஹூஸ்டனில். வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய் .38 ஸ்பெஷல் ரிவால்வரால் காகித வட்டங்களைத் துளைத்துவிட்டு வருவாள். கட்டைவிரல் மூட்டில் வாதம் வந்ததும் டாக்டர் சுடுவதை விடச் சொன்னார். அத்தை சுடுவதை விடவில்லை, தோட்டாவை மாற்றினாள். கையை மெதுவாக உதைக்கும் தோட்டாவைத் தானே செய்துகொள்கிறாள். அங்கே அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

அந்த மேஜையைக் காட்டு, காட்டு என்று நச்சரித்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். டில்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் எனக்குக் காலை ஏழு மணி, குக்கர்கூட ஏற்றவில்லை. அவளுக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை. வீடியோவில் கராஜ் விளக்கு எரிந்தது. அடடா, என்ன மேஜை! ஓரத்தில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்பு பிரஸ். நடுவில் ஐம்பது குழி போட்ட மரப்பலகை, குழிக்கு ஒன்றாக வாயைப் பிளந்து நிற்கும் பித்தளைக் கூடுகள். கையடக்கத் தராசு, அதைச் சோதிக்க எடைக்கல் டப்பா, டார்ச் லைட், அடிக்கோடு போட்டுப் பழுத்துப்போன கையேடு. வெடிமருந்து டப்பா ஒன்றே ஒன்று.

"இன்னொரு டப்பா அலமாரியை விட்டு வெளியே வராது. ரெண்டு மருந்து ஒரே நேரத்துல மேஜையில இருந்தா, ஒண்ணு இன்னொண்ணுல கலந்துடும். கலந்ததைக் கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது."

"பேர் எழுதாத டப்பா இருந்தா?"

"ரோஜாச் செடிக்கு உரம்!"

கேலி இல்லை. புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். மிஞ்சியதைப் புல்தரையில் மெல்லிசாகத் தூவிவிடுவது அங்கே பழைய வழக்கமாம்.

பிறகு எனக்கு வந்தது, எல்லாருக்கும் வரக்கூடிய யோசனைதான். உதை குறைய வேண்டுமென்றால் மருந்தைக் குறைத்தால் போயிற்று. அதிகம் போட்டால்தானே ஆபத்து? அத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். ஆறாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டபோது பார்த்த அதே பார்வை.

மேலே ஒரு கூரை இருப்பதுபோல் கீழே ஒரு தரையும் உண்டு. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் தர அமைப்பு வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. அது கூரை. தரைக்குக் கீழே போனால் குண்டு குழலைத் தாண்ட வலுவில்லாமல் பாதி வழியிலேயே நின்றுவிடும். 'டப்' என்று சோகையாக ஒரு சத்தம், அவ்வளவுதான். தெரியாமல் அடுத்ததையும் சுட்டால் அது முன்னதில் போய் மோதும், குழல் வீங்கும் அல்லது பிளக்கும். செம்பு உறை போட்ட குண்டு இப்படிச் சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம், வெறும் ஈயம் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மென்மையான தோட்டாவுக்கு அத்தை எடுப்பது ஈயக் குண்டு, வேகமாக எரியும் மருந்து. எச்110 போன்ற மெதுவான மருந்தை, கையேட்டில் உள்ளதிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் கம்பெனியே எச்சரிக்கிறது. அதை வைத்துக்கொண்டு மென்மையான தோட்டா செய்ய நினைப்பதே வீண் வேலை.

அளவு எங்கிருந்து வருகிறது? மூளையிலிருந்து வருவதில்லை. இந்தக் குண்டு, இந்த எடை, இந்த மருந்து என்று கையேட்டில் அப்படியே பொருந்தும் வரியைத் தேடி, அதில் போட்டிருக்கும் ஆரம்ப அளவில் தொடங்குகிறாள். குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதும் அந்த வரியிலேயே சேர்த்தி. ஆழம் கூடினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும்.

இனிதான் வில்லன் வருகிறான். .38 ஸ்பெஷல் பிறந்தது 1898இல், கருமருந்துக் காலத்தில். அந்த மருந்து நிறைய இடம் கேட்கும், கூட்டையும் அதற்கேற்பப் பெரிதாக வைத்தார்கள். இன்றைய மருந்தில் மென்மையான தோட்டாவுக்கு மூன்று கிரெயினுக்கும் குறைவாகவே போதும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், அப்படியானால் இது 0.2 கிராம்கூட இல்லை! கேமராவைக் கூட்டுக்குள் திருப்பினாள். அடியில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் கருப்பு. மற்றதெல்லாம் காலி. அந்தக் காலி இடத்தில் இன்னொரு அளவு தாராளமாக உட்காரும், ஏன், மூன்றாவதுகூட உட்காரும். போன் மணி அடித்து, பேசிவிட்டு வந்து, போட்ட கூட்டிலேயே மறுபடி போட்டால்? ரிவால்வரின் மேல்பட்டை பறக்கும். கொஞ்ச மருந்து தானாகவே மர்மமாக வெடிக்கிறது என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. அத்தை அதை நம்பவில்லை, நானும் அவள் கட்சிதான். அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு ரெட்டை அளவு இருந்திருக்கும்.

ஆகவே ஐம்பது கூட்டிலும் மருந்து விழுந்த பிறகு, ஒரு குண்டைக்கூட வைக்காமல், டார்ச் அடித்து வரிசை வரிசையாக எட்டிப் பார்க்கிறாள். எல்லாக் குழியிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி. இந்த நேரத்தில் என்னோடுகூடப் பேசவில்லை!

டிரெயில் பாஸ் என்று ஒரு மருந்தும் காட்டினாள். முன்னதை மூடி அலமாரியில் வைத்துவிட்டுத்தான். ஒவ்வொரு துணுக்கும் உளுந்து வடையின் குட்டி வார்ப்பு, நடுவில் ஓட்டையோடு! எடை சொற்பம், அடைக்கும் இடம் அதிகம். ரெட்டை அளவு விழுந்தால் வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். மென்மையான தோட்டாவுக்கென்றே வந்த மருந்து. இப்போது கடையில் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

"நானும் இங்கே பண்ணிப் பார்க்கட்டுமா?" என்று சும்மா ஒரு வார்த்தை விட்டேன். "ஜெயிலுக்குச் சாப்பாடு அனுப்ப நான் வரணுமா?" என்றாள். உரிமமில்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருஷம், ஆயுள்வரைகூடப் போகலாம். நம் ஊரில் அளவைத் தீர்மானிப்பது தொழிற்சாலைகள். நீலகிரியில் ரயில் நின்று போகும் அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்திலிருந்து உந்துமருந்து தயாராகிறது.

மென்மையான தோட்டாவின் மகிமை எங்கள் பேட்டைக்கும் புதிதில்லை. 2010 காமன்வெல்த் விளையாட்டு வீரர்கள் தங்கிய கிராமம் இங்கே பக்கத்தில், அக்ஷர்தாமை ஒட்டி. அந்தப் போட்டியில் சென்டர் ஃபயர் பிஸ்டல் தங்கம் ஹர்ப்ரீத் சிங்குக்கு, வெள்ளி விஜய் குமாருக்கு. சுட்டது துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில். 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்ததும் இதே பிரிவில். இந்தப் பிரிவில் பலர் கையாள்வது .32 தோட்டா, தட்டை மூக்குக் குண்டு, சாதுவான உதை. துப்பாக்கியின் எடையும் இதில் சேர்த்தி. 2014இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று கொண்டுவந்த நிர்பீக் ரிவால்வர் 500 கிராம்தான். பையில் சுமக்க சுகம், ஆனால் அதே தோட்டா லேசான துப்பாக்கியில் கையைக் கூடுதலாக உதைக்கும் என்பதை விளம்பரம் செய்கிறவர்கள் சொல்லக் காணோம்.

அத்தையின் கடைசி வித்தையைக் கேளுங்கள். ரேஞ்சில் முதல் தோட்டாவைச் சுடுமுன் குழலை மேலே தூக்கி, மெல்ல மட்டத்துக்குக் கொண்டுவந்து சுடுவாள். அடுத்ததற்குக் கீழே சாய்த்து, பிறகு சுடுவாள். கூட்டின் அடியில் தீ மூட்டும் பிரைமர் பக்கம் மருந்து கிடந்தால் வேகம் ஒன்று, குண்டுப் பக்கம் ஓடிவிட்டால் வேறொன்று. வேகமானியில் இரண்டும் எட்ட எட்ட நின்றால் அந்த மருந்து ஏற்பில்லை. பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்து அழுத்தத்தை ஊகிக்கும் பழைய உபாயத்தை .38இல் அவள் மதிப்பதே இல்லை. அந்த அறிகுறி தெரிவதற்குள் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும்.

"சுடும்போது கை வலிக்கிறதில்லையே?" என்று கேட்டேன்.

"சுடறப்போ வலிக்கல. இந்த பிரஸ் கைப்பிடியை இழுக்கறப்போதான் உயிர் போறது. ஒரு கூட்டுக்கே மூணு நாலு இழுப்பு! அதனால கைப்பிடி உங்க மாமா டிபார்ட்மெண்ட்."

"மருந்து?"

"அந்தப் பக்கம் அவர் வரப்படாது. குண்டு வைக்கிற கட்டத்துலதான் கூப்பிடுவேன்."