தாளம் பார்த்து டிரம் மெஷின் வாங்குவது

டிரம் மெஷின் என்பது தாள வாத்தியங்களின் ஓசைகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்ன அடியை அடிக்கும் கருவி. மெல்லிசைக் குழுக்காரர்கள் இதை ரிதம் பாக்ஸ் என்பார்கள். கச்சேரி மேடையில் குச்சியால் அடிக்கப்படும் ரிதம் பேட் வேறு. அதற்கு வாசிக்க ஆள் வேண்டும். டிரம் மெஷினிலோ அடியை ஒரு முறை பதிந்துவிட்டால் நிறுத்தும்வரை அது சுற்றிச் சுற்றி வரும். இதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் கணினிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே திரையைப் பார்க்காமல், பொத்தானைத் தட்டித் தட்டிப் பாட்டுக் கட்ட விரும்புகிறவர்களுக்குத்தான் தனிக் கருவி. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல மைக் வாங்கலாம்.

இன்று கடையில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் 1980இல் வந்த இரண்டின் வாரிசுகள். ஒன்று அமெரிக்காவின் லின் எல்எம்-1: உண்மையான டிரம்மைப் பதிவு செய்து, அந்தத் துணுக்குகளை ஒலிக்கச் செய்தது. மற்றது ஜப்பானின் ரோலண்ட் டிஆர்-808: பதிவு எதுவும் இல்லாமல், மின்சுற்றுகளே ஓசையை உண்டாக்கின. கேட்டால் டிரம் மாதிரியே இல்லை என்ற குறை 808க்கு அப்போது இருந்தது. 1983இலேயே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. அதன் அடிவயிற்றைத் தொடும் கிக் (பெரிய டிரம்) ஓசைதான் பின்னாளில் ஹிப்-ஹாப்பின் அடையாளமாயிற்று.

808ஐ இந்திய ராகங்களோடு சேர்த்துப் பார்த்தவர் மும்பைத் திரையிசை வாத்தியக்காரர் சரண்ஜித் சிங். டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் இசைத்தட்டாக வெளியிட்டார். அப்போது அதைச் சீண்டுவாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, ஆசிட் ஹவுஸ் என்ற மேற்கத்திய நடன இசைக்குச் சில ஆண்டுகள் முந்திய தட்டு என்று உலகமே திரும்பிப் பார்த்தது. மூன்று கருவிகளைக் கொண்டே முழுத் தட்டையும் உருவாக்கியதால், வீட்டில் இசைக்கருவி அடுக்குகிறவர்களுக்கு அவர் இன்றும் நல்ல முன்னோடி.

இந்தியாவுக்கென்றே பிறந்த தாளக் கருவிகளும் உண்டு. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் தொடங்கிய ராடல் நிறுவனம் மின்னணுத் தம்புராவுக்குப் பேர்போனது. ‘தால்மாலா’ என்ற மின்னணுத் தபலாவையும் செய்தது. தாளத்தையும் வேகத்தையும் தேர்ந்தெடுத்தால் தபலா ஒலிக்கும். பாட்டுப் பயிற்சிக்கு இது போதும். அடியை நாமே இழைத்துக் கட்ட வேண்டும் என்றால்தான் டிரம் மெஷின் பக்கம் போக வேண்டும்.

வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் ஓசையைக் கேட்கிறார்கள். நம் பாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கை. டிரம் மெஷினின் முகப்பில் பெரும்பாலும் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெப். நான்கு ஸ்டெப் ஓர் எண்ணிக்கை, நான்கு எண்ணிக்கை ஒரு சுற்று என்பது மேற்கத்தியக் கணக்கு. திரைப்பாட்டு மட்டும் வாசிக்கிறவருக்கு இது பெரும்பாலும் சரியாகப் போகும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு என்று வைத்தால் 32 ஸ்டெப். பதினாறாகப் பிரித்து இரண்டு பேட்டர்னை அடுத்தடுத்து ஓடவிட்டால் ஓர் ஆவர்த்தனம் முடிந்துவிடும். அட்சரம் இரு மடங்கு நீளும் இரண்டு களையில் பாடினால் 64 வேண்டும்.

சிக்கல் சாபு தாளங்களில் வருகிறது. சந்திரகிரி, திருப்பதிப் பக்கத்து வீடுகளில் தமிழ்த் திரைப்பாட்டும் அன்னமய்யா கீர்த்தனையும் ஒரே கீபோர்டில் ஒலிக்கும். கீர்த்தனை ஐந்து எண்ணிக்கையான கண்ட சாபிலோ ஏழு எண்ணிக்கையான மிஸ்ர சாபிலோ இருந்தால் பதினாறு பொத்தான் பொருந்தாது. எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்டெப் வீதம் மிஸ்ர சாபின் ஏழுக்கு 14 ஸ்டெப் வேண்டும். தகிட முதல் ஆறு, தக அடுத்த நான்கு, திமி கடைசி நான்கு. 1ஆம் பொத்தானில் கிக், 7இலும் 11இலும் ஸ்நேர், ஒற்றைப்படைப் பொத்தான்களில் எல்லாம் மூடிய ஹை-ஹாட் என்று வைத்தாலே தாளத்தின் நடை தெரியத் தொடங்கும். ஆனால் பதினான்காவதோடு சுற்றை முடிக்கக் கருவி சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஸ்டெப் மிஞ்சும். பாட்டின் சமமும் கருவியின் சமமும் எட்டு ஆவர்த்தனம் கழித்துத்தான் மறுபடி சந்திக்கும். கண்ட சாபுக்கு 10, ரூபகத்துக்கு 12, திஸ்ர நடையில் ஆதிக்கு 24 என்று இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பழைய 808இலேயே கடைசி ஸ்டெப்பை மாற்ற முடியும். இன்றைய சிறு கருவியான கோர்க் வோல்கா பீட்ஸில் வேண்டாத ஸ்டெப்புகளை அணைத்துவிடலாம். ஆர்டூரியா டிரம்ப்ரூட்டில் 64 ஸ்டெப் வரை போகலாம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி நீளம் வைக்கவும் வசதி உண்டு. கிக் பதினாறில் சுற்ற, ஹை-ஹாட் மூன்றில் சுற்றினால் கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். எலெக்ட்ரான் டிஜிடாக்டிலும் 64 ஸ்டெப்; 2024இல் வந்த இரண்டாம் பதிப்பில் 128. கடைக்காரரிடம் எத்தனை ஓசை இருக்கிறது என்று கேட்பதைவிட, சுற்றைப் பதினான்கில் நிறுத்திக் காட்டச் சொல்வது மேல்.

அடுத்தது ஓசை. பெரும்பாலும் மின்சுற்றே ஓசை தரும் அனலாக் கருவிகளான வோல்கா பீட்ஸ் வகையறாவில் கிக்கின் ஆழத்தையும் நீளத்தையும் குமிழ் திருகி மாற்றலாம். ஆனால் மிருதங்கத்தை உள்ளே ஏற்ற வழியில்லை. 1990களிலிருந்து விற்பனையில் இருந்த அலெசிஸ் எஸ்ஆர்-16இல் 233 ஓசைகள் உண்டு, அவற்றோடு சரி. தபலா, தவில், பறை எல்லாம் வேண்டுமென்றால் சாம்பிள் (பதிவுத் துணுக்கு) ஏற்றும் கருவியே கதி: டிஜிடாக்ட், அதன் எளிய உறவான மாடல்:சாம்பிள்ஸ், ரோலண்டின் டிஆர்-8எஸ், டிஆர்-6எஸ் ஆகியவை. ரோலண்ட் இரண்டிலும் மெமரி கார்டு வழியாக ஏற்றலாம். சாம்பிளை இணையத்தில் தேட வேண்டும் என்பதில்லை. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர இசை நடனக் கல்லூரி இருக்கிறது. மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து தா, தீ, தொம், நம் என்று ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை பதிந்துகொண்டால் சொந்தக் களஞ்சியம் ஆயிற்று. கும்கியை மட்டும் இந்த வழியில் பிடிக்க முடியாது. இடந்தலையில் கை நகர நகர ஓசை ஏறி இறங்குவது அதன் அழகு. துணுக்காக வெட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரே வளைவுதான் வரும்.

இந்திய ஓசைகள் தயாராக வேண்டும், அடி கட்டுவதில் ஆர்வமில்லை என்றால் யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசைக் கீபோர்டுகளில் இந்தியத் தாள வகைகள் உள்ளேயே வருகின்றன. பஜனைக்கும் சர்ச் பாட்டுக்கும் அதுவே தாராளம்.

இணைப்பு விஷயம் பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும். வோல்கா பீட்ஸிலிருந்து ஓசை வெளியே வருவது ஹெட்ஃபோன் துளை ஒன்றின் வழியே மட்டும். கிக்கைத் தனியாகவும் ஸ்நேரைத் தனியாகவும் பதிய முடியாது. டிரம்ப்ரூட், டிஆர்-8எஸ் போன்றவற்றில் தனித் துளைகள் உண்டு. அவற்றை எல்லாம் ஒரே நேரத்தில் பயன்படுத்த, கணினியில் பதிய அத்தனை உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸும் வேண்டும். இரண்டு உள்ளீடு உள்ள சாதாரண இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் தனித் துளைக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். கீபோர்டோடு வேகம் ஒத்துப்போக, கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி இணைப்பு அவசியம். 1983க்கு முந்திய கருவிகளில் அது இருக்காது. 808 வகைக் கிக்கின் ஆழம் சுமார் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால், கடையின் பெரிய ஸ்பீக்கரில் கேட்டு மயங்கிவிட்டு வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் தேடினால் பாதி காணாமல் போயிருக்கும். சொந்த ஹெட்ஃபோனைக் கடைக்கு எடுத்துப்போவது நல்லது. திருப்பதியில் கிடைக்காத மாடலுக்குச் சென்னை அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் விசாரிக்கலாம்.

கரண்ட் போகும் ஊரில் பேட்டரியும் ஒரு தகுதிதான். வோல்கா பீட்ஸ் ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், டிஆர்-6எஸ் நான்கில். அடாப்டரை மாற்றிச் செருகுவதில் கவனம் தேவை: ரோலண்டின் பாஸ் (Boss) கருவிகளும் வோல்காவும் 9 வோல்ட் என்றாலும், பாஸுக்கு நடு முனை நெகட்டிவ், வோல்காவுக்கு நடு முனை பாசிட்டிவ். ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவி 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும், இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது எல்லாப் பொத்தானையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பேட்டர்னைப் பதிந்து, கருவியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். பழைய கருவியில் பதிந்தது அழிந்திருந்தால் நினைவகப் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும்.