உங்களுக்குத் தெரியுமா? சைலன்சரில் சொட்டுவது தண்ணீர்!

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. மார்கழிக் காலையில் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ காரை ஸ்டார்ட் செய்தால், அந்த ஆவி குளிர்ந்து வெண்புகையாகத் தெரியும். சைலன்சர் நுனியில் நிறமற்ற துளிகளாகச் சொட்டும். எஞ்சின் சூடானதும் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம்.

மற்ற புகைகள் சொல்வது:

• சூடான பிறகும் அடர்ந்த வெள்ளை, இனிப்பு வாடை: கூலன்ட் எரிகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படியே கள்ளக்குறிச்சிக்கு மலையிறங்க வேண்டாம், மெக்கானிக்கை வரவழையுங்கள்.

• ஸ்டார்ட் செய்ததும் நீலம், பிறகு தெளிவு: தேய்ந்த வால்வு சீல் வழியே இரவில் ஆயில் கசிந்திருக்கலாம்.

• கறுப்பு: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

• டீசல் வண்டியில் கண் எரியும் வெண்புகை: எரியாத டீசல். ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள்.

• எச்சரிக்கை: மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.