நாயின் அரிப்பும் அதன் உணவும்

ஓயாமல் உடம்பைச் சொறிந்துகொள்ளும் நாயைக் கண்டால், "சொறி நாய்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் சொறி என்பது நோயின் பெயரன்று; அஃது ஓர் அறிகுறி மட்டுமே. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், எதனால் வந்த காய்ச்சல் என்று டாக்டர் கேட்கிறார் அல்லவா? நாயின் அரிப்பைப் பற்றியும் அக்கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

எனக்கு அக்கேள்வி எழுந்தது எங்கள் பள்ளிக்கூடத்து மணியால். மணி இரவுக் காவற்காரர் வளர்க்கும் நாய்; மூன்று வயதுடையது. சென்ற ஆண்டு அதன் அடிவயிறும் கால் இடுக்குகளும் சிவந்து தடித்தன. விரல்களை நக்கி நக்கி, வெள்ளை மயிர் செம்பழுப்பாயிற்று. காதுகளில் நாற்றம் கண்டது. பெற்றோர் சிலர் என் அறைக்கு வந்து, "சார், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் யார் பொறுப்பு? நாயை அப்புறப்படுத்திவிடுங்கள்" என்றனர். காவற்காரரோ, "கொஞ்சம் தவணை கொடுங்கள் சார், இது போய்விட்டால் ராத்திரியில் எனக்குத் துணை யார்?" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

பெற்றோரின் அச்சம் வீணன்று. சிரங்குப் பூச்சியால் வரும் சொறியும், படர்தாமரை என்னும் பூஞ்சண நோயும் நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை. ஆதலின் முதல் வேலையாக மணியை மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அவர் தோலைச் சுரண்டி எடுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பூஞ்சணத்திற்கும் சோதனை செய்தார். முடிவில், "இது அலர்ஜி, பிள்ளைகளுக்குத் தொற்றாது" என்றார். வீட்டு வைத்தியம் எதனையும் தொடங்குமுன் இந்தச் சோதனை நடந்தாக வேண்டும். இதனைத் தவிர்த்தவர்கள் ஒவ்வாமை என்று நம்பிச் சிரங்கைக் குடும்பம் முழுவதற்கும் பரப்பியதுண்டு.

அலர்ஜியைத் தமிழில் ஒவ்வாமை என்கிறோம். ஆஸ்திரிய மருத்துவர் பிர்க்கே 1906ஆம் ஆண்டில் இச்சொல்லைப் படைத்தார். அதற்குச் சற்று முன்னர், 1902இல், பிரெஞ்சு அறிஞர் ரிஷேயும் அவருடைய தோழர் போர்ட்டியேயும் கடற்சாமந்தி என்னும் கடலுயிரின் நஞ்சை நாய்களுக்கு ஊசியில் ஏற்றிச் சோதித்தனர். நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய் முதல் ஊசியை எளிதாகத் தாங்கிக்கொண்டது. 22 நாள் கழித்து அதே அளவை மீண்டும் போட்டபோது, 25 நிமிடங்களில் மாண்டுபோயிற்று. முதன்முறை உடலுக்கு அறிமுகமான பொருளே, அடுத்த முறை பகையாகிவிடுகிறது என்ற உண்மை இதனால் தெரியவந்தது. ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். நெப்டியூனின் கதை ஒவ்வாமையின் மிகக் கடுமையான வடிவம். மணியின் அரிப்பு மென்மையான வடிவம். எனினும் பாடம் ஒன்றே. "மூன்று வருஷமாகத் தின்கிற சாப்பாடுதானே சார், அது எப்படிக் கெடுதல் செய்யும்?" என்று காவற்காரர் கேட்டார். பழகிய உணவுதான் ஒவ்வாமையை உண்டாக்கும். பழகாத பொருளுக்கு உடல் படை திரட்டியிராது.

நாய்க்கு ஒவ்வாமை பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது தெள்ளுப்பூச்சி. ஒவ்வாமை உள்ள நாய்க்கு இரண்டொரு கடியே போதும். பல நாள் அரிக்கும். வாலடியும் இடுப்பின் பின்புறமும் புண்ணானால் தெள்ளை ஐயுறலாம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும், நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். அதிலுள்ளது நாயின் இரத்தம். பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள்கூட இடும். முட்டைகள் நாயின் மேல் தங்குவதில்லை. படுக்கும் சாக்கிலும் தரைப் பிளவுகளிலும் உதிர்ந்துவிடும். கூட்டுப்புழுவாக இருக்கும்போது பூச்சி மருந்தும் எளிதில் எட்டாது. ஆகவே ஒருமுறை மருந்திட்டு நிறுத்துவது வீண். வைத்தியர் தரும் மருந்தை மாதந்தவறாமல், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் கொடுக்க வேண்டும். நாய்க்குரிய மருந்தைப் பூனைக்குப் போடலாகாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

இரண்டாவது, தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகளும் பூஞ்சணமும் மகரந்தமும். நம் நாட்டின் ஈரக் காற்றில் இவை ஆண்டு முழுவதும் செழிக்கின்றன. இவற்றை அறவே ஒழிக்க இயலாது, குறைக்கலாம்.

மூன்றாவது உணவு. நாய்களின் உணவு ஒவ்வாமை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஒரு கட்டுரை, 297 நாய்களின் கணக்கைத் தருகிறது. நூற்றுக்கு 34 நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17க்குப் பாற்பொருள்களும், 15க்குக் கோழியும், 13க்குக் கோதுமையும் ஒவ்வவில்லை. அரிசியையும் சோளத்தையும் பழிப்போர் பலர். குற்றவாளிகள் பெரும்பாலும் இறைச்சி வகைகளே.

எந்த உணவு என்று கண்டுபிடிக்க இரத்தச் சோதனை, மயிர்ச் சோதனை என்று விளம்பரங்கள் வருகின்றன. உணவைப் பொறுத்தவரை அவற்றை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். நம்பத்தக்க வழி ஒன்றே: நாய் இதுவரை தின்றிராத ஓர் இறைச்சி அல்லது மீனும், தின்றிராத ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. ஐந்து வாரத்தில் நூற்றுக்கு 80 நாய்களிடம் பலன் தெரியும். எட்டு வாரத்தில் 90க்கும் மேல். பதினைந்து நாளில் பொறுமையிழந்து, "உணவு காரணமன்று" என்று முடிவு கட்டுகிறவர்களே மிகுதி.

மணி அதுவரை தின்றது கோழிக் கழுத்தும் குடலும் சோறும், சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சிய ரொட்டியும் குழம்பும். (குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிப்பவை என்பது பலருக்குத் தெரியாது.) மீன் தின்றதில்லை. ஆகவே கெம்போங் மீனையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் தேர்ந்தெடுத்தோம். மீனை உப்பின்றி அவித்து, முள்ளை ஒவ்வொன்றாக நீக்கி, கிழங்குடன் பிசைந்து கொடுத்தோம். மீன் புதியதாக இருக்க வேண்டும். கெட்ட கெம்போங்கில் அரிப்பை உண்டாக்கும் பொருளே ஊறிவிடும்.

பதினெட்டாம் நாள் அரிப்புப் பாதியாகியிருந்தது. பத்தொன்பதாம் நாள் பள்ளி விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் அன்பின் மிகுதியால் பொரித்த கோழித் துண்டுகளை ஊட்டிவிட்டனர். இரண்டு நாளில் வயிறு மீண்டும் சிவந்தது. கோபித்து என்ன பயன்? பிள்ளைகளிடம் நான் விளக்கிச் சொல்லாதது என் தவறு. அடுத்த திங்களன்று கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கினோம். ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் அட்டை ஒன்றில் நாள்தோறும் மணியின் அரிப்புக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டனர். அறிவியல் பாடத்தை அவ்வளவு ஆர்வமாக அவர்கள் கற்றதை நான் கண்டதில்லை. மாத மாத்திரைகள் சிலவற்றிலும் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். சோதனைக் காலத்தில் வைத்தியரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எட்டு வாரத்தில் மதிப்பெண் எட்டிலிருந்து மூன்றாக இறங்கியது. பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். சோதனை அத்துடன் முடியவில்லை. பழைய உணவை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரம்வரை கவனித்தால்தான் குற்றவாளி அகப்படுவான். சோறு கொடுத்தோம், ஒன்றும் நேரவில்லை. கோழி கொடுத்தோம், மூன்றாம் நாள் மதிப்பெண் ஏழு. கோழியை நிறுத்தியதும் தணிந்தது. சோறு ஒத்துக்கொண்டதால் செலவும் குறைந்தது. ஆனால் மீனும் சோறும் மட்டும் காலமெல்லாம் போதா. சுண்ணாம்புச் சத்தும் சில உயிர்ச்சத்துகளும் குறைந்துவிடும். வளரும் குட்டிகளுக்கு இக்குறை பெருங்கேடு. ஆகவே சோதனை முடிந்தபின் வைத்தியர் சொற்படி சத்துகளைச் சேர்க்க வேண்டும். அல்லது கோழி கலவாத ஆயத்த உணவை, பொட்டலத்திலுள்ள சிறிய எழுத்துவரை படித்து வாங்க வேண்டும்.

இனிக் குளிப்பாட்டுதல். மனிதத் தோல் சற்றே புளிப்புத் தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நம் சோப்பு அதற்கு ஆகாது. நாய்க்குரிய ஷாம்புவைக் குளிர்ந்த நீரில் வாரம் ஒருமுறை பூசி, நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். வெந்நீர் அரிப்பைக் கூட்டும். மீனெண்ணெய் தோலுக்கு நல்லது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். அளவை நாயின் எடை பார்த்து வைத்தியர் சொல்லட்டும்.

நான் சிறுவனாயிருந்தபோது, லயத்தில் எங்கள் நாய்க்குச் சொறி வந்ததும் மண்ணெண்ணெய் தடவினார்கள். அது உடம்பை நக்கி, வாந்தியெடுத்து, மூன்று நாள் படுத்தே கிடந்தது. மண்ணெண்ணெயும் பழைய இஞ்சின் எண்ணெயும் இன்றும் சில இடங்களில் பூசப்படுகின்றன. அவை தோலை வேகவைப்பவை, நக்கினால் நஞ்சு.

புண்ணில் சீழ், காதில் வலி, பிசுபிசுப்பான நாற்றம் கண்டால் உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்கலாகாது. கிருமியும் ஈஸ்ட்டும் சேர்ந்துவிட்டன என்று பொருள், மருந்து வேண்டும். மணிக்கும் தொடக்கத்தில் காதுக்கு மருந்து விட நேர்ந்தது. மதிப்பெண் மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. தூசி ஒவ்வாமையும் அதற்கு உண்டென்று வைத்தியர் கருதுகிறார். ஆதலால் அதன் சாக்குப் படுக்கையைச் சனிக்கிழமைதோறும் காவற்காரர் வெந்நீரில் துவைக்கிறார். "மணிக்குக் கோழி கொடுக்காதீர்" என்று பிள்ளைகள் எழுதிய அட்டை சிற்றுண்டிச்சாலைக் கதவில் தொங்குகிறது. நாயை அப்புறப்படுத்தச் சொன்ன பெற்றோர் ஒருவர், மீன் தலைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். முள் இருப்பதால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.