புதுவயலுக்காக டெல்லியில் பேசியது யார்? 100 ஆண்டுகளுக்கு முந்தைய 'நாடாளுமன்றம்' இயங்கியது இப்படித்தான்!

புதுவயல் என்றதும் இன்று நினைவுக்கு வருபவை அரிசி ஆலைகள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. செட்டிநாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கிருந்தும் ரங்கூனுக்குக் கொண்டு விற்கக் கப்பலேறியவர்கள் உண்டு. பர்மா அப்போது தனி நாடு அல்ல, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். எனவே, டெல்லியில் ஒரு சட்டம் வந்தால், அது ஊரில் இருக்கும் வீட்டையும் தொடும், ரங்கூனில் இருக்கும் கடையையும் தொடும். அந்த டெல்லியில் இவர்களுக்காகப் பேசியது யார்?

மூன்று மாவட்டத்துக்கு ஒரே சீட்!

1919-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி, 1921-ல் டெல்லியில் இரண்டு அவைகள் கூடின. கீழவை, மத்திய சட்டசபை. மேலவை, கவுன்சில் ஆஃப் ஸ்டேட். இன்றைய மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் இவைதான் முன்னோடிகள்.

சட்டசபையில் 145 பேர். அவர்களில் 104 பேர் தேர்தலில் வென்று வந்தவர்கள். 41 பேர் அரசே நியமித்தவர்கள். அதிலும் 26 பேர் அரசு அதிகாரிகள். தேர்தல் இடங்களும் பங்கு போடப்பட்டிருந்தன. பொது 52, முஸ்லிம்கள் 30, ஐரோப்பியர் 9, நிலவுடைமையாளர் 7, இந்திய வணிகர் 4, சீக்கியர் 2.

சென்னை மாகாணம் முழுவதற்கும் 16 இடங்கள்தான். புதுவயல் இருந்த ராமநாதபுரத்தை, மதுரை, திருநெல்வேலியுடன் சேர்த்து ஒரே பொதுத் தொகுதியாக்கியிருந்தார்கள். 1934-ல் இந்தத் தொகுதியில் வென்று டெல்லி சென்றவர், ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா. பின்னாளில் சென்னை மாகாண முதலமைச்சரானவர் இவர்தான்.

மேலவை இன்னும் சின்னது, 60 பேர். செட்டிநாட்டுக்கு அங்கே ஒரு முகம் இருந்தது. கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், கவுன்சில் ஆஃப் ஸ்டேட் உறுப்பினராக இருந்தார்.

யாருக்கு ஓட்டு?

நிலவரி, வருமான வரி என ஏதாவது கட்டும் அளவுக்கு வசதி இருந்தால்தான் ஓட்டு. 1920-ல் நடந்த முதல் தேர்தலில் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் சட்டசபைக்கு ஓட்டுப்போடத் தகுதி பெற்றவர்கள் சுமார் 9 லட்சம் பேர். மேலவைக்கோ 17,000 சொச்சம்தான். 1934-ல்கூட சட்டசபை வாக்காளர்கள் சுமார் 14 லட்சம் பேர். அதில் பெண்கள் 81,602 பேர் மட்டுமே.

ஒரு வீட்டில் முதலாளிக்கு ஓட்டு இருக்கும். அவர் மனைவிக்குப் பெரும்பாலும் இருக்காது. அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கோ, வயலில் நாற்று நட்டவருக்கோ இருக்கவே இருக்காது.

சபை வேண்டாம் என்றது... உப்பு விலை ஏறியது!

கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், பட்ஜெட்டை விவாதிக்கலாம். ஆனால், ராணுவச் செலவு போன்ற பெரிய தொகைகள் ஓட்டெடுப்புக்கே வராது. சபை நிராகரித்த மசோதாவையும் வைஸ்ராய் தன் கையெழுத்தில் சட்டமாக்கலாம்.

1923-ல் அதுதான் நடந்தது. ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ உப்புக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரண்டரை ரூபாயாக்க அரசு முயன்றது. சபை மறுத்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தன் அதிகாரத்தால் வரியை ஏற்றினார். அடுத்த ஆண்டு வரி பழையபடி குறைந்தது. ஆனால், கடைசி வார்த்தை யாருடையது என்பது ஊருக்கே புரிந்துவிட்டது.

ஆனாலும் அது வெறும் பொம்மை சபை அல்ல. முதல் சபாநாயகர் சர் ஃபிரெடரிக் வைட், அரசு நியமித்தவர். 1925-ல் நடந்த தேர்தலில் விட்டல்பாய் படேல் 58 ஓட்டுகள் பெற, அவரை எதிர்த்த சென்னையின் டி.ரங்காச்சாரியாருக்கு 56 கிடைத்தன. இரண்டே ஓட்டில் வந்த அந்தச் சபாநாயகர்தான் 1928-ல் அரசுக்குத் தலைவலி ஆனார். பொதுப் பாதுகாப்பு மசோதாவுக்கு ஆதரவு 61, எதிர்ப்பு 61 என்று நின்றபோது, தன் ஓட்டை எதிராகப் போட்டு மசோதாவை வீழ்த்தினார். 1929 ஏப்ரல் 8-ல் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியது இந்தச் சபைக்குள்தான்.

1933-ல் கோவையின் ஆர்.கே.சண்முகம் செட்டியார் சபாநாயகரானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அதே தேர்தலில் வென்று உள்ளே வந்த தீரர் சத்தியமூர்த்தி, துணைக்கேள்விகளால் அதிகாரிகளைத் திணறடித்தார்.

132-ல் ஒன்று

1937 ஏப்ரல் 1-ல் பர்மா தனியாகப் பிரிந்தது. அதுவரை டெல்லி சபையில் பர்மாவுக்கு 4 இடங்கள் இருந்தன. இனி எல்லாமே ரங்கூனில்தான். அங்கே அமைந்த 132 பேர் கொண்ட சபையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சங்கத்துக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

ஆனால் நிலைமை மாறியிருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடனைத் திருப்பித் தர முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம், 1930-ல் 6 சதவிகிதம். 1938-ல் 25 சதவிகிதம். நிலம் இழந்தவர்களின் கோபம் சபையிலும் ஒலித்தது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது. பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது.

1951-52-ல் இந்தியா முதல் பொதுத்தேர்தலை நடத்தியபோது, வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 17 கோடிப் பேர். வரி ரசீது கேட்கவில்லை, வயது 21 ஆகியிருந்தால் போதும். முதலாளியும், அவர் மனைவியும், கொத்தனாரும், நாற்று நட்டவரும் முதல் முறையாக ஒரே வரிசையில் நின்றார்கள். அடுத்த தேர்தலில் 'ஒரு ஓட்டுல என்ன ஆகிடப்போகுது' என்று யாராவது சொன்னால், அந்த 61-61 கணக்கைச் சொல்லுங்கள்!