சீரமைத்த இதயத்துடன் மீண்டும் கடலுக்குள்

அந்தமானின் ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக் என்றே பலரும் இன்னும் அழைக்கின்றனர்), லட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணித் தீவு, புதுச்சேரி என ஸ்கூபா முக்குளிப்புக்கு இடமளிக்கும் கடற்பகுதிகள் நம் நாட்டில் பல. எங்கு சென்றாலும் காற்று உருளையை முதுகில் ஏற்றுவதற்கு முன் ஒரு படிவம் கைக்கு வரும். இதய நோய் உண்டா, இதயத்தில் சிகிச்சை நடந்துள்ளதா என்று அது கேட்கும். 'ஆம்' எனில் மருத்துவரின் சான்று தேவை. விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் செலுத்தி வந்து நிற்பவருக்கு 'இல்லை' என்று குறியிட்டுவிடத் தோன்றும். அந்தச் சிறு குறி எதனை மறைக்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம்.

கருவிலிருக்கும் குழந்தை நுரையீரலால் சுவாசிப்பதில்லை. ஆகவே அதன் இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் நேரே செல்ல, இடைச்சுவரில் இயற்கையாகவே ஒரு வழி உண்டு. பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மட்டும் முழுவதும் ஒட்டாமல் மடல்போல் நின்றுவிடும். பி.எஃப்.ஓ. என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதனையே. சுவரின் ஒரு பகுதியே உருவாகாமல் உண்மையான ஓட்டையாக இருப்பது ஏ.எஸ்.டி. எனப்படும் வேறொரு குறை. முன்னது இருப்பதே தெரியாமல் முதுமை எய்துவோர் ஏராளம்.

நீருக்குள் நிலைமை வேறு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 18 மீட்டரில் உடல் தாங்கும் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் 2.8 மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் அவ்வழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வரும்போது, சோடாப் புட்டியைத் திறந்ததுபோல், குமிழ்களாகப் பிரிகிறது. சிரைகளில் தோன்றும் நுண்குமிழ்களை நுரையீரல் வடிகட்டிவிடும். மேலறைச் சுவரில் வழி இருந்தாலோ அவை வடிகட்டியைத் தவிர்த்துத் தமனிகளுக்குள் புகுந்து மூளையையும் தண்டுவடத்தையும் உட்செவியையும் எட்டக்கூடும். அதன் விளைவாகக் கை கால் மரத்துப்போகலாம்; தலை கடுமையாகச் சுற்றலாம்; பேச்சு குழறலாம்; தோலில் பளிங்குக் கோலம்போல் திட்டுகள் தோன்றலாம். 1989-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வுகள் இத்தொடர்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன.

இதனைப் படித்துவிட்டு முக்குளிப்போர் அனைவரும் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. நான்கில் ஒருவருக்கு அவ்வழி இருந்தும் இந்நோய் அரிதாகவே நேர்கிறது. காரணமின்றி அது தாக்கியவர்களே, குறிப்பாக மீண்டும் மீண்டும் தாக்கியவர்களே, மருத்துவரை நாட வேண்டியவர்கள்.

வழியை அடைப்பது இன்று பெரும்பாலும் நெஞ்சைத் திறக்காமலே நடைபெறுகிறது. தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நிட்டினால் என்னும் உலோகக் கம்பியால் பின்னிய இரட்டைத் தட்டு ஒன்றைச் சுவரின் இருபுறமும் பொத்தான்போல் பொருத்திவிடுகின்றனர். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். இந்த எளிமையிலேயே ஓர் ஆபத்து இருப்பதாக நாம் கருதுகிறோம். வாரத்துக்குள் உடல் தேறிவிட்டதாகத் தோன்றினாலும், தட்டின்மீது இதயத்தின் உட்தோல் படர்ந்து வளரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை இரத்தம் உறையாதிருக்க மருந்துகள் தொடரும்.

தென் பசிபிக் பகுதியின் முக்குளிப்பு மருத்துவச் சங்கமும் பிரிட்டனின் முக்குளிப்பு மருத்துவக் குழுவும் 2015-இல் இணைந்து வெளியிட்ட நிலைப்பாடு இதில் தெளிவானது. பி.எஃப்.ஓ.வை அடைத்தபின் குறைந்தது மூன்று மாதங்கள் கழித்துக் குமிழ் எக்கோ பரிசோதனையை மீண்டும் செய்து, வழி போதிய அளவு அடைபட்டதென உறுதியான பிறகே கடலில் இறங்கலாம். உறைதலைத் தடுக்கும் வீரியமிக்க மருந்துகளும் அதற்குள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் தொடரலாம். பரிசோதனை எளிது. நுண்குமிழ்கள் கலந்த உப்புநீரைக் கைச்சிரையில் செலுத்தி, மூச்சை அடக்கி முக்கச் சொல்வர். குமிழ்கள் இடப்புறம் தோன்றுகின்றனவா என்பதைத் திரையில் காண்பர். தட்டு அசையாமல் இருப்பது ஒன்று; கசிவின்றி இருப்பது மற்றொன்று. முக்குளிப்பவருக்கு வேண்டியது பின்னது.

ஏ.எஸ்.டி. உள்ளவர்களுக்குக் கூடுதல் கேள்விகள் உண்டு. நெடுங்காலம் மிகுதியான இரத்தத்தைத் தாங்கிய வலது இதயம் பழைய அளவுக்குச் சுருங்கியதா, துடிப்பு ஒழுங்காக உள்ளதா, உடற்பயிற்சியைத் தாங்குமா என்பன அவை. நீரில் மூழ்கிய அளவிலேயே கை கால்களின் இரத்தம் மார்புக்கு நகர்ந்து இதயத்தின் சுமை கூடும். நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டவருக்கு நுரையீரலையும் சோதித்த பின்னரே அனுமதி.

அடைத்ததால் குமிழ் தோன்றுவது நின்றுவிடுவதில்லை. குறுக்குவழி ஒன்று மட்டுமே மூடப்பட்டது. எனவே திரும்பியபின் முதல் முக்குளிப்புகள் ஆழங்குறைந்தனவாக, நாளுக்கு ஒன்றாக அமைவது நன்று. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் மேலேறுவது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது, கடைசி முக்குளிப்புக்குப் பின் விமானம் ஏற 24 மணி நேரம் காத்திருப்பது ஆகியவை அனைவருக்கும் உரிய பழக்கங்களே. ஸ்வராஜ் தீவில் ஒருவருக்கு இந்நோய் தாக்கினால் கடல் கடந்து போர்ட் பிளேருக்கு, இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும் என்பதையும் திட்டமிடுவோர் மனத்திற்கொள்க.

வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று காப்பீடு. மருத்துவக் காப்பீட்டு ஆவணங்களில் காணப்படும் தரப்படுத்தப்பட்ட விலக்கு வாசகம் ஸ்கூபா முக்குளிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆயினும் அது தொழில்முறையாக ஈடுபடுவோரைப் பற்றியது. பயணக் காப்பீடுகளின் வாசகமோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; ஆழ வரம்பும் இருக்கலாம். புதிதாகக் காப்பீடு எடுப்போர் இதயச் சிகிச்சையை விண்ணப்பத்தில் தெரிவித்தாக வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. அத்தொகுப்பின் எந்தப் பக்கத்தில் அது எழுதப்பட்டுள்ளது என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன் பார்த்துக்கொள்ளலாம்.