அவசரப் பணத்தை எங்கே வைப்பது?

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி நடத்திக்கொண்டிருந்தேன். "சார், உங்க பணத்தை எங்க போட்டு வச்சிருக்கீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பே சிரித்தது. "பேங்க்லதான்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக, ஓராண்டுக்குப் போட்டிருந்த 2 லட்ச ரூபாய் வைப்புத்தொகையை ஏழு மாதத்திலேயே எடுத்திருந்தேன். பேசிய வட்டி 7 சதவீதம். கிடைத்தது 5 சதவீதம். ஏழு மாத வைப்புக்கு உரிய வட்டி 6 சதவீதம்தானாம். முன்கூட்டியே எடுத்ததற்கு அதில் 1 சதவீதம் கழிவு. 8,167 ரூபாய் வரும் என்று நினைத்த இடத்தில் வந்தது 5,833 ரூபாய். விதி படிவத்திலேயே இருந்தது. வட்டிக் கணக்கு நடத்தும் நான் அதைப் படிக்கவில்லை.

சேமிப்புக் கணக்கில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால், பெரிய வங்கிகள் பலவற்றில் அதன் வட்டி 2.5 சதவீத அளவில்தான் இருக்கிறது. இவை இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டா என்று தேடியபோது அறிந்துகொண்டதுதான் லிக்விட் ஃபண்ட்.

எப்படி இயங்குகிறது?

இது பரஸ்பர நிதியில் ஒரு வகை. பங்குச் சந்தையில் முதலீடு செய்வதில்லை. பலரிடம் திரட்டிய பணத்தை அரசுக்கும் வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் குறுகிய காலக் கடனாகக் கொடுக்கிறது. 91 நாட்களுக்குள் முதிர்வடையும் பத்திரங்களை மட்டுமே வாங்கலாம் என்பது செபியின் விதி.

ஓர் எடுத்துக்காட்டு. அரசின் 91 நாள் கருவூலப் பத்திரம் ஒன்றை 98.50 ரூபாய்க்கு வாங்குகிறோம். முதிர்வில் அரசு தருவது 100 ரூபாய். லாபம் 1.50 ரூபாய். ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6.1 சதவீதம். நம் பாடப்புத்தகத்துத் தள்ளுபடிக் கணக்குதான் இது.

போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் ஆறு நாட்களுக்குள் எடுத்தால் மட்டும் மிகச் சிறிய வெளியேறும் கட்டணம் உண்டு; ஏழாம் நாள் முதல் அதுவும் இல்லை. வேலை நாளில் பிற்பகல் 3 மணிக்குள் கேட்டால், பொதுவாக அடுத்த வேலை நாளில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

எங்கே கவனம் தேவை?

வங்கி இவ்வளவு வட்டி என்று வாக்குக் கொடுக்கிறது. லிக்விட் ஃபண்ட் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. வங்கி வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு, இதற்குக் கிடையாது. 2017 பிப்ரவரியில், கடன் வாங்கிய ஒரு நிறுவனத்தின் தர மதிப்பீடு சரிந்ததால், ஒரு லிக்விட் ஃபண்டின் மதிப்பு ஒரே நாளில் சுமார் 7 சதவீதம் விழுந்தது. இத்தகைய நிகழ்வு அரிது; ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. எனவே கூடுதல் வருமானத்தை மட்டும் பார்க்காமல், ஃபண்ட் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில் அது இருக்கும்.

வரியிலும் பெரிய சலுகை இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் போட்ட பணத்தின் லாபம், நம் வருமானத்தோடு சேர்ந்து நமக்குரிய வரி விகிதத்திலேயே வரும். ஆனால் பணத்தை எடுக்கும் ஆண்டில்தான் அந்த வரி.

என் கணக்கு

அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தது ஒரு சனிக்கிழமை இரவு. அந்தப் பணம் முழுவதும் லிக்விட் ஃபண்டில் இருந்திருந்தால், கைக்கு வரத் திங்களோ செவ்வாயோ ஆகியிருக்கும். உடனடியாக எடுக்கும் வசதி சில ஃபண்டுகளில் உண்டு. அதிலும் உச்ச வரம்பு 50,000 ரூபாய், அல்லது இருப்பில் 90 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது.

ஆகவே பணத்தை மூன்றாகப் பிரித்தேன். இரண்டு மாதச் செலவுக்கான தொகை சேமிப்புக் கணக்கில். எப்போது தேவைப்படும் என்று தெரியாத தொகை லிக்விட் ஃபண்டில். மகளின் கல்லூரிக் கட்டணம்போல, நாள் தெரிந்த செலவுக்கான தொகை வங்கி வைப்பில். எது அதிகம் தரும் என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். எப்போது தேவைப்படும் என்பதுதான் இப்போது என் முதல் கேள்வி.

அடுத்த வாரம் அந்த 98.50 ரூபாய்க் கணக்கை வகுப்பில் கொடுத்தேன். கேள்வி கேட்ட மாணவிதான் முதலில் விடை சொன்னாள். பிறகு கேட்டாள்: "அப்போ திடீர்னு ராத்திரி பணம் வேணும்னா என்ன சார் செய்வீங்க?"

இந்த முறை என்னிடம் விடை இருந்தது.